செயலோடையும் கூட்டுப்பணியும்

பலர் கூடிச் செய்யும் தொழில் எதுவாயினும் அதில் இருவகை வேலைகள் அடங்கியுள்ளன. ஒன்று, அவரவர் தம் கையால் செய்து முடிக்கும் வேலை. மற்றொன்று, தாம் செய்வதைப் பிறர்க்கு அறிவிப்பதும் பிறர் செய்வதைத் தாம் அறிந்துகொள்வதுமாகிய வேலை. முதல் வகைக்குக் கூலி உண்டு, சம்பளம் உண்டு, பதவி உயர்வும் உண்டு. இரண்டாவது வகையை யாரும் வேலை என்றே கணக்கில் கொள்வதில்லை. ஆனால் அலுவலகங்களில் எழும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகை தவறியதால் வந்தவையே. "எனக்கு யாரும் சொல்லவில்லையே!" என்ற குரல் கேளாத அலுவலகம் ஒன்று தமிழ்நாட்டில் இருக்குமா என்பது ஐயமே.

இந்த இரண்டாவது வகை வேலையைக் கணிப்பொறியின் துணைகொண்டு எளிதாக்கும் முயற்சியே சமூக மென்பொருள் எனப்படுவது. அதன் நடுநாயகமாக விளங்குவது செயலோடை. நம் கல்லூரியில் வணிகவியலும் கணிப்பொறியியலும் பயிலும் மாணவ மாணவியர் நாளை நூற்பாலை அலுவலகத்திலோ, வங்கியிலோ, திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்திலோ, சென்னை மென்பொருள் நிறுவனத்திலோ பணியில் சேரும்போது இதனை ஏதேனும் ஒரு பெயரில் சந்திக்கத்தான் போகிறார்கள். ஆதலின் இதன் தோற்றம், இயல்பு, பயன், தீங்கு ஆகியவற்றைச் சிறிது விளக்கமாகக் காண்பது நலம் என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறேன். பெயர்கள் அயல்நாட்டுப் பெயர்களாக இருப்பது கண்டு மாணவர் அஞ்ச வேண்டா. பொருள் நம் ஊர்ப் பட்டறையிலேயே இருக்கிறது.

பட்டறையில் ஒரு பாடம்

திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் புவிசார் குறியீடு கிடைத்தது. அதையொட்டிச் சிறுதொழில் பற்றிய கள ஆய்வுக்காக மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு நாகல் நகர்ப் பகுதியில் ஒரு பட்டறைக்குச் சென்றிருந்தேன். ஓர் அறை, நான்கு பேர். ஒருவர் தகடு வெட்டுகிறார். ஒருவர் பூட்டினுள் அமையும் லீவர்களை அரம் கொண்டு தேய்க்கிறார். ஒருவர் சாவிக்குப் பல் எடுக்கிறார். மூத்தவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டாக்குகிறார். நாங்கள் அங்கிருந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் தமக்குள் பேசிக்கொண்டது ஐந்தாறு சொற்களே. ஆயினும் லீவர் முடிகின்ற தறுவாயில் மூத்தவரின் கை தானாகவே அடுத்த கூட்டை எடுத்து வைத்தது. எப்படித் தெரிந்தது என்று மாணவர் ஒருவர் கேட்டார். "முரட்டு அரம் போட்டா ஒரு சத்தம், நைஸ் அரம் போட்டா ஒரு சத்தம், காது கேக்குதுல்ல?" என்றார் அவர்.

இந்த மறுமொழியில் ஒரு முழுப் பாடம் அடங்கியிருக்கிறது. அரம் போடுகிறவர் தம் வேலையைத்தான் செய்கிறார். அறிக்கை ஏதும் தருவதில்லை. அவர் எழுப்பும் ஓசைக்கு முகவரி கிடையாது. யாருக்கு அது தேவையோ அவர் காது அதைப் பற்றிக்கொள்கிறது. தேவையில்லாதவர் காதில் விழுந்தும் விழாததுபோல் கழிந்துவிடுகிறது. வேலையும் அறிவிப்பும் ஒன்றாகவே நிகழ்கின்றன.

இதே செய்தியை அறிஞர் உலகம் ஆராய்ந்து கண்டது இலண்டன் மாநகரின் சுரங்க இரயில் கட்டுப்பாட்டு அறையில். கிறிஸ்டியன் ஹீத், பால் லஃப் என்னும் இரு சமூகவியலார் பேக்கர்லூ பாதையின் கட்டுப்பாட்டு அறையில் பணிபுரிவோரை ஆராய்ந்து 1992இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். அங்கே வண்டிகளின் ஓட்டத்தைக் கவனிப்பவர் ஒருவர். பயணிகளுக்கு ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்பவர் ஒருவர். இருவரும் அருகருகே அமர்ந்திருப்பர். வண்டி தாமதமானால் முதலாமவர் கால அட்டவணையைத் திருத்தும்போது தமக்குத்தாமே பேசிக்கொள்வதுபோல வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திருத்துவாராம். அறிவிப்பாளர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, "இப்படிச் செய்" என்று யாரும் சொல்லுமுன்னரே பயணிகளுக்கான அறிவிப்பைத் தொடங்கிவிடுவாராம். தமக்குள் பேசுவதுபோல் தோன்றியது உண்மையில் அறை முழுவதற்கும் உரிய செய்தி என்பதே ஆய்வாளர் கண்ட முடிவு. திண்டுக்கல் சந்திப்பில் திருச்சி, மதுரை, கரூர், பழனி என நான்கு பாதைகள் கூடுகின்றன. அங்கே நிலைய அதிகாரியின் அறைக்கருகில் சற்று நேரம் நின்று கவனித்தவர்க்கு இலண்டன் செய்தி புதிதாகத் தோன்றாது.

அதே 1992இல் பால் டூரிஷ், விக்டோரியா பெல்லோட்டி என்னும் இருவர், பிறர் செய்வது பற்றிய உணர்வே நாம் செய்வதற்குப் பின்புலமாக அமைகிறது என்பதை எடுத்துக்காட்டி, கணிப்பொறி வழியே சேர்ந்து பணிபுரிவோர்க்கும் அவ்வுணர்வு கிட்டுமாறு மென்பொருள் அமைய வேண்டும் என்று எழுதினர். செயலோடையின் வித்து இதுவே.

கடிதமும் ஓடையும்

ஓர் அறையில் நால்வர் இருக்கும்வரை காது போதும். நாற்பது பேர் நான்கு ஊர்களில் இருந்து பணிசெய்தால் அரத்தின் ஓசை எட்டாது. அப்போது கடிதம் வேண்டும், தொலைபேசி வேண்டும், மின்னஞ்சல் வேண்டும். இவை மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை அனுப்புகிறவரே முன்கூட்டி அறிந்திருக்க வேண்டும். அவர் நினைவில் வராதவர்க்குச் செய்தி போகாது. பிற்பாடு பணியில் சேருகிறவர்க்கு அது கிடைக்கவே கிடைக்காது. முன்னவரின் அஞ்சல் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும்.

செயலோடை இதனைத் தலைகீழாக மாற்றுகிறது. யாருக்கு என்பதை எழுதுகிறவர் முடிவுசெய்ய வேண்டுவதில்லை. எதைத் தொடர்வது என்பதைப் படிக்கிறவர் முடிவுசெய்கிறார். ஒவ்வொருவரும் செய்த செயல் ஒவ்வொன்றும் புதியது மேலும் பழையது கீழுமாக ஒரு நீரோட்டம்போல் திரையில் இறங்கிக்கொண்டிருக்கும். அதனடியில் பிறர் ஐயம் கேட்கலாம், மறுமொழி தரலாம், தாளை இணைக்கலாம். ஆறு மாதம் கழித்துத் தேடிப் பார்க்கவும் செய்யலாம்.

இதன் வரலாற்றை விரித்தால் ஏடு கொள்ளாது. முதன்மையானவற்றை மட்டும் சொல்கிறேன். சமூக மென்பொருள் என்னும் தொடர் 2002ஐ ஒட்டி கிளே ஷிர்கி போன்றோரால் பரவலாயிற்று. 2006 செப்டம்பரில் பேஸ்புக் தன் நண்பர்களின் செயல்களையெல்லாம் ஒரே ஓடையாக்கிக் காட்டத் தொடங்கியபோது மாணவர்களே பெருந்திரளாக எதிர்ப்புத் தெரிவித்தனர். பின்னர் அதுவே எங்கும் வழக்கமாயிற்று. அவ்வாண்டிலேயே ஆண்ட்ரூ மெக்காஃபி என்னும் பேராசிரியர் இம்முறை தொழில் நிறுவனங்களுக்குள் புகுவது பற்றி எழுதினார். 2008இல் யாமர் வந்தது. டுவிட்டர் "நீர் என்ன செய்கிறீர்?" என்று கேட்க, யாமர் "நீர் எந்த வேலையில் ஈடுபட்டிருக்கிறீர்?" என்று கேட்டது. ஒரு சொல் மாற்றந்தான், பொழுதுபோக்கு அலுவலகமாகிவிட்டது! 2012இல் மைக்ரோசாப்ட் அதனை 120 கோடி டாலருக்கு வாங்கியது.

ஸ்லாக் பிறந்த கதை சுவையானது. டைனி ஸ்பெக் என்னும் சிறு நிறுவனம் கிளிட்ச் என்றொரு கணிப்பொறி விளையாட்டை உருவாக்கிற்று. விளையாட்டு எடுபடவில்லை, 2012 டிசம்பரில் மூடிவிட்டார்கள். ஆனால் வெவ்வேறு ஊர்களில் இருந்த தம் ஊழியர் பேசிக்கொள்வதற்காக அவர்கள் அமைத்திருந்த கருவி நன்றாக இருந்தது. 2013இல் அதையே கடைச்சரக்காக்கினர். 2021இல் சேல்ஸ்போர்ஸ் நிறுவனம் 2,770 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கியது. தயிர் கடையப் போய் மோர் விலைபோன கதை இது.

இலக்கணப் பார்வை

இங்கே தமிழ் மாணவர்க்கு உரிய ஒரு செய்தியைச் சொல்லாமல் செல்ல மனமில்லை. ஓடையில் வரும் ஒவ்வொரு பதிவும் ஒரு வாக்கியமே. "பண்டகக் காப்பாளர், பஞ்சுப் பொதி வரவுப் பட்டியலை, இன்று காலை 10 மணிக்கு, கொள்முதல் குழுவில் சேர்த்தார்" என்பது ஒரு பதிவு. கணிப்பொறி இதை எவ்வாறு புரிந்துகொள்வது? ஒரு நிறுவனத்தின் மென்பொருள் எழுதிய பதிவை இன்னொரு நிறுவனத்தின் மென்பொருள் படிக்க வேண்டுமாயின் இருவர்க்கும் பொதுவான இலக்கணம் வேண்டுமன்றோ? இணையத்துக்கான நெறிமுறைகளை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, 2017 மே மாதத்தில் அப்படியோர் இலக்கணத்தை வெளியிட்டது. அதன்படி ஒரு செயற்பதிவில் செய்தவர் யார், செய்த வினை யாது, எப்பொருளின்மேல், எக்கருவியால், எங்கே, எப்போது என்பனவற்றைத் தனித்தனிக் கூறுகளாகக் குறிக்கலாம். சேர்த்தல், நீக்கல், ஏற்றல், மறுத்தல், அழைத்தல், திருத்தல் என 28 வினை வகைகளையும் அது பெயரிட்டு வைத்திருக்கிறது.

நன்னூல் கற்றவர் இந்தப் பட்டியலைக் கண்டால் புன்முறுவல் பூப்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் வினைச்சொல்லுக்கு இலக்கணம் கூறுமிடத்து, அவ்வினையை நிகழ்த்துபவர், துணையாகும் கருவி, நிகழும் இடம், நிகழ்ச்சி, அதன் காலம், அதனால் ஆக்கம் பெறும் பொருள் என்னும் ஆறும் வினையால் விளங்கும் என்கிறார். கூறுகள் அப்படியே பொருந்துகின்றன. அமெரிக்கர் நம்மைப் பார்த்து எழுதினர் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லிக் கைதட்டல் பெறுவோர் வேறு உளர். ஒரு செயலைப் பிறர்க்கு விளங்கச் சொல்ல வேண்டுமானால் எந்த நாட்டவர்க்கும் எந்தக் காலத்தவர்க்கும் இவ்வாறு கூறுகளும் தேவைப்படுகின்றன என்பதே கருத்து. இதில் ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. அலுவலகக் குழுவில் "முடிந்துவிட்டது" என்று மட்டும் எழுதுகிறவர் ஆறில் ஐந்தை விட்டுவிடுகிறார். எது முடிந்தது, எங்கே, எதனால் என்று கேட்டு ஒன்பது பேர் ஒன்பது மறுமொழி எழுத நேர்கிறது.

மத்தளம்பாறையும் கூடுவாஞ்சேரியும்

இத்துறையில் நம் மாநிலத்துக்கு ஓர் இடமுண்டு. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009இல் ஜோஹோ எனப் பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனத்தை மாணவர் அறிவர். அதன் நிறுவனர்களுள் ஒருவராகிய ஸ்ரீதர் வேம்பு தென்காசிப் பக்கம் வந்து தங்கியதும் நாளேடுகளில் பலமுறை வந்த செய்தி. அந்நிறுவனத்தின் பெரிய வளாகம் கூடுவாஞ்சேரி அருகே உள்ளது. தென்காசிக்கு அண்மையில் மத்தளம்பாறை என்னும் சிற்றூரில் 2011இல் ஓர் அலுவலகம் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் ஆஸ்டின் நகர்ப்புறத்திலும் அலுவலகம் உண்டு. மத்தளம்பாறையில் காலை ஒன்பது மணி என்றால் ஆஸ்டினில் முந்தைய நாள் இரவு பத்து மணியை ஒட்டியிருக்கும். ஓரிடத்தார் எழும்போது மற்றோரிடத்தார் உறங்கப் போகிறார்கள். தொலைபேசியில் பேசித் தீர்க்க நேரமே ஒத்துவராது. எழுதி வைத்துவிட்டுப் போவதும், எழுந்து வந்து படிப்பதுமே வழி.

இந்நிறுவனம் விற்கும் மென்பொருள்களில் கனெக்ட் என்பது ஓடை முறையில் அமைந்தது. முன்பு அதற்குப் பல்ஸ் என்று பெயர். குழுக்கள், கருத்துமன்றங்கள், கையேடுகள், பணிப்பலகைகள் ஆகியவை ஓடையைச் சுற்றி அமைந்திருக்கும். கிளிக் என்பது உரையாடல் முறையில் அமைந்தது. 2021இல் வந்த அரட்டை பொதுமக்களுக்கானது. பெயரே தமிழ்ப் பெயர். இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. உரையாடல் அந்த நேரத்துக்கு உரியது; ஓடிப் போய்விடும். ஓடையில் ஏறிய பதிவு ஒரு பொருளோடு, அதாவது ஒரு பணியோடோ ஒரு தாளோடோ, கட்டப்பட்டு நிற்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, கடைத்தெருவில் பேசியதற்கும் பேரேட்டில் எழுதியதற்கும் உள்ள வேறுபாடு போன்றது. கணக்குப்பதிவியல் படிக்கும் மாணவர்க்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சிற்றூரில் இருந்துகொண்டு பெருநிறுவனத்தில் பணியாற்ற முடிகிறது என்பதை விரைவான இணைய இணைப்பின் பெருமையாகவே பலரும் பேசுகின்றனர். இணைப்பு வேண்டியதுதான். ஆனால் தலைமை அலுவலகத்து நடைவழியில் நின்று பேசப்படும் செய்தி சிற்றூரில் இருப்பவர்க்கும் அதே நாளில் எழுத்தாகக் கிடைக்காவிடில், அவர் சம்பளம் பெறுவாரேயன்றி நிறுவனத்தின் நடுவில் இருக்கமாட்டார்.

தன்பதிவேடும் ஷிப்ட் புத்தகமும்

கணிப்பொறி வருமுன் நம்மிடம் செயலோடை இல்லையா என்றால், இருந்தது. இரண்டு சான்றுகள் தருகிறேன்.

அரசு அலுவலகங்களில் ஒவ்வொரு உதவியாளரும் தன்பதிவேடு என்றொரு பதிவேடு வைத்திருப்பார். தபால் வந்த நாள், ந.க. எண், யாரிடமிருந்து வந்தது, பொருள் என்ன, எடுத்த நடவடிக்கை என்ன, முடிவு என்ன என்று வரிசையாக அதில் பதிய வேண்டும். நவீன மென்பொருள் கேட்கும் கூறுகள் அனைத்தும் அதன் பத்திகளிலேயே இருக்கின்றன. குறை எங்கே? அதைப் பார்ப்பவர் கண்காணிப்பாளர். குறித்த காலத்துக்கு ஒருமுறை தணிக்கை செய்வார். பக்கத்து மேசையில் இருப்பவர் அதைப் புரட்டிப் பார்க்கும் வழக்கமில்லை. எனவே அது பணிக்குத் துணையாகாமல் பணிக்கு மேல் ஒரு பணியாயிற்று. தணிக்கைக்கு முந்தைய நாள் இரவில் மொத்தமாக எழுதி முடிக்கப்படும் பதிவேடுகளைப் பற்றி அரசு ஊழியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மற்றொன்று நூற்பாலைகளில் உள்ள ஷிப்ட் புத்தகம். வேடசந்தூர் வட்டாரத்து ஆலைகளில் பெற்றோர் வேலை பார்க்கும் மாணவர் நம் வகுப்புகளில் பலர். ஒரு ஷிப்ட் முடிந்து போகும் மேற்பார்வையாளர், எந்த ரிங் பிரேம் நின்றது, எதற்காக நின்றது, எந்த எண் நூல் ஓடுகிறது, எந்த உதிரிப்பாகம் கேட்கப்பட்டிருக்கிறது என்பதை அதில் எழுதிவிட்டுப் போவார். வருகிறவர் வந்தவுடன் அதைப் படிப்பார். படிக்காவிட்டால் அடுத்த எட்டு மணி நேரம் அவர்தாம் திண்டாடுவார். ஆகவே அங்கே எழுதுவதும் உடனே நடக்கிறது. படிப்பதும் உடனே நடக்கிறது. எழுத்துப் பிழை நிறைய இருக்கும். எண்ணெய்க் கறையும் இருக்கும். ஆனாலும் தன்பதிவேட்டைவிட அது உயிருள்ள ஏடு.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு காகிதத்திலோ மையிலோ இல்லை. ஒன்று மேலிருந்து பார்க்கப்படுகிறது. மற்றொன்று பக்கத்திலிருந்து பார்க்கப்படுகிறது. அந்த எழுத்தால் யாருடைய வேலை எளிதாகிறதோ அவர் அதைப் படிக்கும்போதுதான் எழுதுகிறவர்க்கு எழுதும் எண்ணம் வருகிறது. எத்தனை கோடி டாலருக்கு விற்ற மென்பொருளானாலும் இந்த ஒரு விதியிலிருந்து தப்ப முடியாது என்பது என் கருத்து. மத்திய அரசின் தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய இ-ஆபீஸ் இப்போது தமிழ்நாட்டு அரசுத் துறைகளிலும் புழங்குகிறது. கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது என்பதை அதில் காணலாம். இது பெரிய முன்னேற்றமே. ஆயினும் அந்த விவரத்தை "ஏன் இன்னும் அனுப்பவில்லை" என்று கேட்பதற்கு மட்டும் பயன்படுத்தினால் அது மின்சாரத்தில் ஓடும் தன்பதிவேடுதான்.

குழு என்னும் சந்தை

2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது கல்லூரிகள், பள்ளிகள், கூட்டுறவுச் சங்கங்கள், ஊராட்சிகள் எல்லாமே வாட்ஸ்அப் குழுக்களுக்குள் புகுந்தன. அன்றைக்கு வேறு வழியில்லை. கையில் இருந்த கருவியை எடுத்தோம். அக்குழுக்கள் இல்லையேல் வகுப்புகளே நடந்திரா. ஆனால் பழகிய பின் அதன் குறைகள் தெரியலாயின. தேர்வுக் கட்டணம் செலுத்தக் கடைசி நாள் பற்றிய பல்கலைக்கழகச் சுற்றறிக்கை காலை 11 மணிக்கு வரும். அதன்மேல் "நன்றி ஐயா" நாற்பது, கூப்பிய கைகள் அறுபது, ஒருவர் பிறந்தநாள், ஒரு திருக்கோயில் படம். மாலையில் பார்ப்பவர்க்குச் சுற்றறிக்கை எங்கே போயிற்று என்றே தெரியாது. நன்றி சொல்வது பண்பாடு. அதைக் குறைகூற நான் யார்? ஆனால் பேச்சுக்கும் பதிவுக்கும் ஒரே வாய்க்காலை வைத்தால் பேச்சுத்தான் வெல்லும்.

அதனினும் பெரிய குறை, புதியவர்க்கு நேர்வது. ஜூலையில் பணியில் சேர்ந்தவர்க்கு ஜூன் மாதத்தில் குழுவில் முடிவானது தானாகத் தெரிவதில்லை. மாறுதலில் போனவரின் கைப்பேசியோடு அலுவலகத்தின் பாதி நினைவும் போய்விடுகிறது. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், கணிப்பொறியோ பிற கருவியோ உருவாக்கிய பொருளையும் ஆவணம் என்றே கொள்கிறது. அரசுப் பணியின் முடிவுகள் தனியார் கைப்பேசிகளில் சிதறிக் கிடப்பது இச்சட்டத்தின் நோக்கத்தோடு எங்ஙனம் பொருந்தும் என்பதை அரசியல் அறிவியல் மாணவர் தனியே ஆராயலாம்.

தேநீர்க் கடைக்குப் போகாதவர்

இம்முறையினால் யாருக்கு மிகுந்த பயன் என்று கேட்டால், நான் தயங்காமல் சொல்லும் விடை ஒன்றுண்டு. நம் அலுவலகங்களில் உண்மையான செய்திகள் பரிமாறப்படும் இடம் பெரும்பாலும் வாயிலுக்கு எதிரே உள்ள தேநீர்க் கடை. யாருக்கு எந்தப் பொறுப்பு மாறுகிறது, எந்தக் கோப்பு ஏன் நிற்கிறது, எந்த வாடிக்கையாளரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். அந்தக் கடைக்குப் பெண் ஊழியர் பெரும்பாலும் போவதில்லை. புதிதாகச் சேர்ந்தவரை யாரும் அழைப்பதில்லை. நத்தத்திலிருந்தும் வடமதுரையிலிருந்தும் பேருந்து பிடித்து வருகிறவர் ஐந்தரை மணிக்கு ஓடிவிடுவார். மாலைக் கடைக்கு அவர் இல்லை. இவர்கள் மூவரும் திறமையில் குறைந்தவர் அல்லர். செய்தி பிந்திக் கிடைக்கிறது, அவ்வளவே. ஆண்டுக் கணக்கில் அப்படிப் பிந்தும்போது அது திறமைக் குறைவுபோலவே தோற்றமளிக்கத் தொடங்குகிறது.

நம் மாணவருள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறுகிறவர்கள். "இது தெரியாதா?" என்று கேட்டுவிடுவார்களோ என அஞ்சி ஐயம் கேளாமலே இருந்துவிடும் வழக்கம் அவர்களிடம் உண்டு. முன்னாள் மாணவியர் சிலர் என்னிடம் சொன்னது இது: பணியில் சேர்ந்த முதல் மாதத்தில் அவர்களுக்குப் பெருந்துணையாக இருந்தது பயிற்சி வகுப்பன்று, பழைய ஓடையைக் கீழே இழுத்துக்கொண்டே போய்ப் படித்ததுதான். ஒரு சரக்கு ஏன் திரும்பி வந்தது, அதை யார் எப்படித் தீர்த்தார், மேலாளர் எந்தச் சொல்லில் வாடிக்கையாளருக்கு எழுதினார் என்பதையெல்லாம் யாரையும் கேளாமல் கற்றுக்கொள்ள முடிந்ததாம். பட்டறையில் மூலையில் அமர்ந்து பார்த்தே தொழில் பழகும் சிறுவனுக்குக் கிடைப்பது இதுதான்.

தீங்குகள்

பட்டறையில் ஓசை நின்றால் ஆள் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார் என்று பொருள். யாரும் குறித்து வைப்பதில்லை. ஓடையில் எல்லாமே மணி நிமிடத்தோடு பதிவாகிறது. யார் எத்தனை பதிவு எழுதினார் என்று எண்ணத் தொடங்கிய நாளிலிருந்து ஊழியர் வேலைக்காக எழுதுவதை விட்டு எண்ணிக்கைக்காக எழுதத் தொடங்குவர். சான்று காட்டவே பதிவுகள் பெருகும். படிக்கத் தக்கது அருகும். முகம் சுளிக்க வைக்கும் தவற்றை யாரும் எழுதமாட்டார். ஆனால் பிறர்க்கு மிகவும் உதவக்கூடிய செய்தி அந்தத் தவறுதானே!

நேரத்தின் எல்லை அழிவது இன்னொன்று. ஓடைக்கு ஐந்தரை மணி கிடையாது. இரவு பத்து மணிக்கு வரும் பதிவுக்கு இரவிலேயே மறுமொழி எதிர்பார்க்கும் மேலாளர் உளர். பிரான்சு நாட்டில் 2017 சனவரி முதல், 50 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள், பணி நேரத்துக்கு அப்பால் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமை பற்றி ஊழியர் தரப்புடன் பேசித் தீர்மானிக்க வேண்டும் என்று சட்டமாயிற்று. நம் நாடாளுமன்றத்தில் 2018 இறுதியில் சுப்ரியா சுலே அவர்கள் இதே நோக்கில் தனிநபர் மசோதா கொண்டு வந்தார், அது சட்டமாகவில்லை. நூற்பாலையில் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினால் வேலை முடிந்தது. பட்டம் பெற்று அலுவலகத்தில் அமர்ந்த மகளுக்கு அந்தச் சங்கு இல்லை என்பது பெற்றோர்க்கு வியப்பாகவே இருக்கிறது.

மூன்றாவது, ஓடை பிறர் நிலத்தில் ஓடுவது. கூகுள் 2009இல் பெரும் ஆரவாரத்தோடு அறிமுகம் செய்த வேவ் என்னும் சேவையை அடுத்த ஆண்டிலேயே கைவிட்டது. பேஸ்புக் நிறுவனம் 2016இல் தொடங்கிய ஒர்க்பிளேஸ் என்னும் அலுவலகச் சேவையை மூடப்போவதாக 2024இல் அறிவித்தது. பதிவுகளைப் படியெடுத்து வைத்துக்கொள்ளாத நிறுவனம் தன் நினைவை வாடகைக்கு விட்ட நிறுவனமாகும். நம் ஊரில் ஒரு கடையோ ஆலையோ இத்தகைய மென்பொருளை வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி விலை அன்று. எழுதியவற்றையெல்லாம் எப்போது வேண்டுமானாலும் மொத்தமாக வெளியே எடுக்க முடியுமா என்பதே.

எழுதும் முறை

இறுதியாக, நாளை பணியில் சேரப்போகிறவர்க்குப் பயன்படுமாறு எழுதும் முறை பற்றிச் சில சொல்லி அமைகிறேன். "பட்டியல் அனுப்பியாயிற்று" என்று எழுதுவதைவிட, "மார்ச்சு மாத வரவுப் பட்டியலை மதுரைக் கிளைக்கு அனுப்பினேன், 14ஆம் எண் பில்லில் எடை ஒத்துவரவில்லை, பண்டகக் காப்பாளரிடம் கேட்டிருக்கிறேன்" என்று எழுதுவது நன்று. முதலாவது வேலை செய்ததற்குச் சான்று. இரண்டாவதைப் படித்த கணக்கர் தம் வேலையை மாற்றி வைத்துக்கொள்வார். தமிழில் எழுதத் தயங்க வேண்டா. அரைகுறை ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதுவதினும் தெளிந்த தமிழில் ஒரு வரி விரைவில் விளங்கும். இக்காலத்து மென்பொருள்கள் தமிழ் எழுத்தை ஏற்கின்றன; தேடினாலும் காட்டுகின்றன. முடித்ததை மட்டுமன்றி, தடைப்பட்டு நிற்பதையும் எழுதலாம்; உதவக்கூடியவர் பெரும்பாலும் நாம் எண்ணிப் பாராத மேசையிலிருந்தே வருவார். கேள்வியைத் தனி அஞ்சலில் ஒருவரிடம் கேட்பதைவிட ஓடையில் கேட்டால், விடை அடுத்து வருகிறவருக்கும் சேர்த்துக் கிடைக்கும். பிறருடைய குறையைச் சொல்ல நேர்ந்தால் மட்டும் ஓடையை விட்டு எழுந்து, அவர் மேசைக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள்.